சீமைப் பயணமும் செலாவணிக் கணக்கும்



நம்மவர் வீடுகளில் இங்கிலாந்துப் பயணம் இப்பொழுது அபூர்வமான காரியமன்று. மகன் பட்டம் வாங்குகிறான் என்று ஒருவர் போகிறார்; மகளின் பேறுகாலத்துக்கு என்று இன்னொருவர் குடும்பத்தோடு புறப்படுகிறார். விமான டிக்கட்டுக்கு நாலு இடத்தில் விலை விசாரிக்கிற நாம், கையில் கொண்டுபோகும் பணத்தை மட்டும் கடைசி நாள் அஸருக்குப் பிறகு ஓடிப்போய் அவசரமாக மாற்றிக்கொண்டு வருகிறோம். சரக்கு வாங்கும்போது காசுக்குக் காசு பார்க்கிறவர்கள், காசையே சரக்காக வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்வது ஆச்சரியமான விஷயந்தான்.

இதை எழுதுகிற நான் பெரிய படிப்பாளி அல்லன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆயினும் 16 வயது முதல் பத்து வருஷ காலம் பிரிக்பீல்ட்ஸில் உறவினர் ஒருவருடைய நாணய மாற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கிள்ளானில் பாட்டனார் ஆரம்பித்த மளிகைக் கடைக்கே திரும்பிவிட்டேன். அந்தப் பத்து வருஷப் பழக்கத்தில் கற்றதையும், அந்தப் பழக்கம் தந்த மமதையால் 2023ஆம் ஆண்டில் நான் பட்ட பாட்டையும் சேர்த்தே இங்கு சொல்ல உத்தேசம்.

முதலில் பாட்டனார் கதை. 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி நம் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளி நோட்டுகளை வெளியிட்டது. அதற்கு முன் வழங்கியவை மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் நோட்டுகள். புதிய வெள்ளியும் பழைய வெள்ளியும் சரிக்குச் சரி; ஒரு பவுண்டுக்கு இரண்டும் ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. ஆகவே யாரும் அவசரப்படவில்லை. பாட்டனாரும் பால் மாவு டின் ஒன்றில் இருந்த 2,000 பழைய வெள்ளியை அப்படியே விட்டுவைத்தார். சரிக்குச் சரி என்று சர்க்காரே சொல்லும்போது எதற்குக் கூட்டத்தில் போய் நிற்பது என்பது அவர் எண்ணம்.

அவ்வாண்டு நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு பவுண்டு 2 டாலர் 80 செண்ட். மறுநாள் 2 டாலர் 40 செண்ட். நூற்றுக்கு 14-க்கு மேல் இறக்கம். நம் புதிய வெள்ளி பவுண்டோடு இறங்குவதில்லை என்று மலேசியா தீர்மானித்தது. ஆனால் பழைய நோட்டுகளுக்குப் பின்னால் ஈடாக நின்றது பவுண்டு. பவுண்டு விழுந்ததும் அதுவும் விழுந்தது. ஒரே இரவில் பழைய வெள்ளி ஒன்று புதிய வெள்ளிக் கணக்கில் 85 காசாகிவிட்டது. பினாங்கில் நவம்பர் 24ஆம் தேதி கடையடைப்பு நடந்து, அது கலகமாகி, உயிர்ச் சேதமும் ஊரடங்கு உத்தரவும் ஆயிற்று. கிள்ளானில் எங்கள் பாட்டனார் டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தார். நோட்டு ஒன்றும் குறையவில்லை. 300 வெள்ளி மட்டும் இல்லை.

வாப்பா இதை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நோட்டைப் பார்க்காதே, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார் என்பார். நானும் தலையை ஆட்டிக் கேட்டவன்தான்.

இனி என் கதைக்கு வருவோம். என் சகோதரி மகனின் பட்டமளிப்புக்காக 2023 ஜூலையில் லண்டன் போகப் புறப்பட்டேன். என் மச்சான் ஒருவர் 2015 வரை சில வருஷம் லண்டனில் இருந்தவர். வரும்போது மிச்சம் பிடித்த 800 பவுண்டை அப்படியே நோட்டாகக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தார். 20 பவுண்டு நோட்டு முப்பது. 50 பவுண்டு நோட்டு நாலு. அவரும் ஒரு டின்னில்தான் வைத்திருந்தார்! விலை ஏறட்டும், ஏறட்டும் என்று விற்காமல் எட்டு வருஷம் காத்தவர், நான் பயணம் போகிற செய்தி கேட்டதும் டின்னோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

“மச்சான், கடையில் போய் ஏன் வாங்குகிறீர்கள்? இதைச் செலவு பண்ணுங்கள். திரும்பி வந்து ஆறரை வெள்ளிக் கணக்கில் கொடுத்தால் போதும்” என்றார்.

வாங்கிக்கொண்டேன். இதில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டும் எனக்கு அப்பொழுது தெரியவில்லை.

லண்டன் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை மாலை. விமான நிலையத்தில் அவசரத்துக்கு மாற்றிய 40 பவுண்டு, ஈஸ்ட் ஹாம் பகுதியில் நான் தங்க வேண்டிய வீட்டுக்குப் போவதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை அங்குள்ள தமிழ்க் கடை ஒன்றில் ரொட்டியும் பழமும் வாங்கி, 20 பவுண்டு நோட்டை நீட்டினேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்து அன்பர். நோட்டைத் தொட்டுப் பார்த்த உடனே திருப்பித் தந்துவிட்டார்.

“அண்ணை, இந்தத் தாள் நோட்டு இப்ப செல்லாது. பாங்க் ஒஃப் இங்கிலாந்துக்குத்தான் கொண்டுபோகோணும்” என்றார்.

விஷயம் இதுதான். இங்கிலாந்து தன் காகித நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டிருக்கிறது. காகித 5 பவுண்டு 2017 மே 5ஆம் தேதியோடு சரி. 10 பவுண்டு 2018 மார்ச் 1ஆம் தேதியோடு சரி. 20, 50 பவுண்டு நோட்டுகள் இரண்டும் 2022 செப்டம்பர் 30ஆம் தேதியோடு செல்லாதவையாயின. மச்சான் டின்னில் இருந்தவை அத்தனையும் காகிதம். பத்து வருஷம் பவுண்டைக் கையால் எண்ணியவன் நான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நோட்டுகள் வருவதற்கு வெகு காலம் முன்பே கடையைவிட்டு வந்துவிட்டவன். என் கண்ணுக்குக் காகிதந்தான் பவுண்டு!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கையில் பணமில்லை. பஸ்ஸில் ஏறப்போனால் லண்டன் பஸ்களில் ரொக்கமே வாங்குவதில்லை. 2014 ஜூலை 6ஆம் தேதி முதல் நிறுத்திவிட்டார்களாம். கார்டு இருந்தது. ஆனால் வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கு அதைத் திறந்துவிடும்படி பேங்கில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த யாழ்ப்பாணத்து அன்பர், முன்பின் அறியாதவர், 50 பவுண்டு கைமாற்றாகக் கொடுத்தார். இன்னொருவர், கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், 800 பழைய நோட்டையும் தாமே எடுத்துக்கொண்டு 700 புதிய நோட்டுத் தருவதாகச் சொன்னார். மனம் சற்றுச் சபலப்பட்டது உண்மை. ஆனால் பழையதும் பவுண்டு, புதியதும் பவுண்டு. ஒரே இனத்தை ஏற்றத்தாழ்வாக மாற்றுவது வட்டி என்று மதரஸாவில் ஓதியது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை திரெட்நீடில் தெருவில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வாசலில் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, 800-க்கு 800 புதிய நோட்டாக வாங்கினேன். அந்த பேங்க் தன் பழைய நோட்டுகளுக்கு எக்காலத்திலும் முழு மதிப்புத் தரும். தபாலில் அனுப்பியும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே உங்களில் யார் வீட்டுப் பெட்டியிலாவது காகிதப் பவுண்டு கிடந்தால் எறிந்துவிடவும் வேண்டாம், பாதி விலைக்கு விற்றுவிடவும் வேண்டாம்.

எல்லா நாடும் இப்படி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியின் பழைய மார்க்கை அந்நாட்டு மத்திய பேங்க் இன்றும் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் வீதம் மாற்றித் தருகிறது; அதற்குக் கெடு இல்லை. பிரான்ஸோ தன் பிராங்க் நோட்டுகளுக்கு 2012 பிப்ரவரி 17ஆம் தேதியோடு கதவை அடைத்துவிட்டது. இரண்டு நாடும் மாறியது ஒரே யூரோவுக்குத்தான். ஒன்றின் பழைய நோட்டு பணம், மற்றதன் பழைய நோட்டு படம். நம் நாட்டிலேயும் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாமற்போனதை நான் கடையில் இருந்தே பார்த்தவன். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்தியாவின் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையானபோது நம்மவர் எத்தனை பேர் விழித்தோம் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

எனவே பவுண்டு வாங்கும்போது செய்ய வேண்டியது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஒவ்வொரு நோட்டையும் தொட்டுப் பார்ப்பது. காகிதமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடவும். ராணியார் படம் போட்ட பிளாஸ்டிக் நோட்டும் செல்லும்; 2024 ஜூன் 5 முதல் வந்துள்ள மன்னர் சார்லஸ் படம் போட்டதும் செல்லும். 50 பவுண்டு நோட்டை அங்குள்ள சிறு கடைக்காரர்கள் பலர் வாங்கத் தயங்குவார்கள். 10, 20 நோட்டாகக் கேட்டு வாங்குவது உத்தமம். ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு அங்குள்ள மூன்று பேங்குகள் தாமே அச்சிடும் பவுண்டு நோட்டு கையில் வரும். அதுவும் நல்ல பணந்தான். ஆனால் கோலாலம்பூரில் அதை எடுக்கத் தயங்குவோர் உண்டாதலால் அங்கேயே செலவழித்துவிடுவது நல்லது.

இப்பொழுது விலைக்கு வருவோம். கடைப் பலகையில் இரண்டு பத்திகள் இருக்கும். ‘வீ பை’ என்பது கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை; ‘வீ செல்’ என்பது அவர் நமக்கு விற்கும் விலை. அவர் வாயால் பேசுகிற பலகை அது என்பதை மறந்து, குறைந்த விலையைப் பார்த்து மகிழ்ந்துபோய்க் கேட்பவர்களை நான் தினமும் கண்டிருக்கிறேன். பவுண்டுக்கும் யூரோவுக்கும் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்றும், ரூபாய்க்கு நூற்றுக்கு இத்தனை என்றும் எழுதுவது வழக்கம்.

விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே கடைக்காரரின் கூலி. கணக்குக்காக ஓர் எண் வைத்துக்கொள்வோம். இது இன்றைய விலையன்று. ஒரு கடையில் வாங்குவது 5.60, விற்பது 5.70. இன்னொரு கடையில் வாங்குவது 5.40, விற்பது 5.85. முதற்கடையில் 1,000 பவுண்டு வாங்கி, பயணம் நின்றுபோய் மறுநாளே திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் 100 வெள்ளி. இரண்டாவது கடையில் அதே காரியத்துக்கு 450 வெள்ளி. ‘கமிஷன் இல்லை’ என்று இரண்டு கடையிலும் எழுதியிருக்கலாம், இரண்டும் பொய்யன்று. கமிஷன் இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி குறுகிய கடையில் வாங்குங்கள். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நாலு பலகை பார்க்கப் பத்து நிமிஷம் போதும். விமான நிலையத்தில் இடைவெளி பெரும்பாலும் அகலமாகத்தான் இருக்கும். இடத்து வாடகை அதில்தானே வரவேண்டும்?

பேங்க் நெகாராவின் உரிமம் மாட்டியிருக்கிற கடையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி உரிமமில்லாமல் இத்தொழில் நடத்தக் கூடாது. ரசீது கேட்டு வாங்குங்கள். 3,000 வெள்ளியும் அதற்கு மேலும் மாற்றினால் அடையாள அட்டை கேட்பார்கள். சந்தேகப்படுகிறார் என்று கோபிக்க வேண்டாம், அது அவர் மீதுள்ள கடமை.

வெள்ளியாகவே கொண்டுபோய் லண்டனில் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி நம் சர்க்கார் செலாவணிக் கட்டுப்பாடு விதித்து, மறுநாள் டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தியது. எனக்கு அப்பொழுது வயது 19. பலகையில் எண்ணை எழுதிய கை இது. வெளிநாட்டுச் சந்தையில் நம் வெள்ளி விற்பனையாவது அன்றோடு நின்றது. டாலர் விலை 2005 ஜூலை 21இல் அவிழ்க்கப்பட்டது. ஆயினும் நம் வெள்ளியை வெளிநாட்டில் வியாபாரம் செய்ய இன்றும் அனுமதி இல்லை. ஆகவே லண்டன் கடைக்காரருக்கு அது அரிதாக வரும் சரக்கு. அரிய சரக்குக்கு அவர் எப்படி விலை போடுவார் என்பது வியாபாரிகளாகிய உங்களுக்குத் தெரியாததன்று. இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

ரொக்கம் எவ்வளவு வேண்டும்? என் அபிப்பிராயத்தில் கொஞ்சம் போதும். லண்டனில் பெரும்பாலும் கார்டைத் தொட்டுக் காட்டியே காரியம் நடக்கிறது. ரொக்கமே வாங்காத கடைகளும் உண்டு. புறப்படுமுன் உங்கள் பேங்கில் சொல்லிக் கார்டை வெளிநாட்டுக்குத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே சில கருவிகள், வெள்ளியில் கணக்கிடவா, பவுண்டில் கணக்கிடவா என்று கேட்கும். நம் வெள்ளியைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டதுபோல் விரல் அங்கே போகும். போக விடாதீர்கள். வெள்ளி என்று அழுத்தினால் விலை நிர்ணயிப்பவர் அந்தக் கருவிக்குப் பின்னால் உள்ளவர். தம் லாபத்தையும் சேர்த்தே நிர்ணயிப்பார். பவுண்டு என்றே அழுத்த வேண்டும்.

10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் நம் சுங்கத்தில் 22ஆம் எண் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 10,000 பவுண்டும் அதற்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவும் அதற்கு மேலும் இருந்தால் அங்கும் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு வரி கிடையாது, மறைத்தால்தான் பறிமுதல். நம் வியாபாரிகள் சாமான் வாங்கி வரிப்பணம் திரும்பப் பெறுகிற வழக்கம் ஒன்று உண்டல்லவா, அது லண்டனில் 2020 முடிவோடு நின்றுவிட்டது. பிரான்ஸில் இன்னும் இருக்கிறது. திரும்பும்போது சில்லறையைத் தீர்த்துவிட்டு வாருங்கள். நாணயத்தை இங்கே நாணய மாற்றுக்காரர் வாங்க மாட்டார்.

நிற்க, மச்சானின் கடனுக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் அவர் 800 பவுண்டுக்கு ஆறரை வெள்ளி வீதம் 5,200 வெள்ளி எதிர்பார்த்தார். கடையில் அன்றைய விலையோ ஏறத்தாழ 5 வெள்ளி 90 காசு. 4,720 வெள்ளி ஆகிறது. 480 வெள்ளி வித்தியாசம். நான் ஒத்துக்கொண்டுதான் வாங்கினேன் என்பது அவர் பக்கம். செல்லாத நோட்டால் நான் பட்ட அவதி என் பக்கம். வீட்டுப் பெண்கள் வரைக்கும் பேச்சு போய்விட்டது. கடைசியில் இருவரும் ஓர் ஆலிமிடம் போனோம்.

அவர் முதலில் கேட்டது, “நீங்கள் செய்தது கடனா, விற்பனையா?” என்பதுதான். விற்பனையென்றால் அது ஸர்ஃப், அதாவது நாணயத்துக்கு நாணயம் விற்பது; இனம் வேறானால் விலை எப்படியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்குக் கை அப்பொழுதே முடிய வேண்டும். புகாரி ஷரீபில் வருகிற சம்பவத்தை எடுத்துச் சொன்னார்: மாலிக் இப்னு அவ்ஸ் 100 தீனாரை மாற்ற வந்தார். தல்ஹா (ரலி) தங்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, காபாவிலிருந்து தம் கணக்கர் வரட்டும், வெள்ளிக்காசு தருகிறேன் என்றார். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி), பெற்றுக்கொள்ளாமல் அவரைவிட்டுப் பிரியக் கூடாது என்று மாலிக்கைத் தடுத்துவிட்டார்கள். இன்று பவுண்டைக் கொடுத்து, ஆறரை வெள்ளி விலை பேசி, அடுத்த மாதம் வெள்ளியாக வாங்குவது இதே தடைக்குள் வருகிறது. காகித நோட்டுகளுக்கும் தங்கம், வெள்ளியின் சட்டமே என்று 1986இல் அம்மானில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் முடிவு செய்திருக்கிறது.

கடன் என்றால் 800 பவுண்டு வாங்கியவர் 800 பவுண்டு திருப்பித் தர வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். வெள்ளியாகத் தர இருவரும் விரும்பினால், தரும் அன்றைக்கு, அன்றைய விலையில், பாக்கி வைக்காமல் தீர்த்துக்கொள்ளலாம். தீனாருக்கு விற்றுத் திர்ஹமாகப் பெற்றுக்கொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது இவ்வாறே. முன்கூட்டியே விலை கட்டிவைத்ததுதான் எங்கள் பிழை. கடைக்குப் போன் செய்து நாளைக்கு இன்ன விலை என்று சொல்லி வைப்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டேன். அது வெறும் வாக்காக இருந்து, பணமும் நோட்டும் ஒரே அமர்வில் கைமாறினால் தடையில்லை என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மச்சான், டின்னில் இருந்திருந்தால் எனக்கு அதுவும் இல்லை” என்றார். இருவரும் ஒரு நாணய மாற்றுக் கடைப் பலகையின் முன் நின்று அன்றைய விலையைப் பார்த்துக் கணக்கிட்டோம். அங்கேயே 4,720 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். அவர் மறுபடி ஒரு முறை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். டின்னை என்னிடமே விட்டுவிட்டார். இப்பொழுது அதில் கடையில் பொட்டலம் கட்டும் சணல் நூல் கிடக்கிறது.